பதினோரு நாள்

ஜூலை 17, புதன்

ஆஸ்பத்திரி நிர்வாகத்தின் கடிதம் இன்றைக்குத்தான் கைக்கு வந்தது. வினோதினி ஐந்து வருஷமாக இங்கே நர்ஸாக இருக்கிறாள், இனியும் அவளுக்கு வேலை உண்டு என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். இந்தக் கடிதத்தை வைத்துத்தான் பி.ஆர்., அதாவது இந்த நாட்டிலேயே நிரந்தரமாகத் தங்கும் உரிமை, கேட்க வேண்டும். வந்ததுதான் வந்தது, ஆடி ஒன்றாம் தேதி பார்த்தா வர வேண்டும்?

ஜெனிஷாவுக்கும் இன்றே வந்துவிட்டது. அவளுக்கும் எனக்கும் எல்லாமே ஒன்றாகத்தான் நடக்கும். ஒரே விமானத்தில் இங்கிலாந்துக்கு வந்து இறங்கி, இந்தக் கவென்ட்ரியில் சேர்ந்தோம். ஒரே பரீட்சை, ஒரே வார்டு. இப்போது வயிற்றையும் ஒன்றாகத்தான் தூக்கிக்கொண்டு நடக்கிறோம். அவளுக்கு அக்டோபர் கடைசி, எனக்கு நவம்பர் ஐந்து என்று தேதி கொடுத்திருக்கிறார்கள். சிஸ்டர்கள் சிரிக்கிறார்கள்.

சாப்பாட்டு அறையில் பிடித்துக்கொண்டாள். "ஏட்டி வினோ, இன்னைக்கே போட்டிருவோம். லேப்டாப்பத் தூக்கிட்டு உனக்க வீட்டுக்கு வாறேன். உனக்கதையும் நானே அடிச்சுத் தாறேன். பிள்ள பொறக்கியதுக்கு முன்ன நமக்கு பி.ஆர். வந்திட்டுன்னா, அது பொறந்த அன்னைக்கே இந்த நாட்டுப் பிரஜை. பொறவு வந்தா அதுக்குத் தனியா எழுதிப் போட்டுக் காத்துக் கெடக்கணும், கேட்டியா?"

ஆடி முடியட்டும் என்றேன். "எனக்க காலண்டர்ல ஆடியே இல்லட்டி" என்று சிரித்தாள். குலசேகரத்துக்காரி, ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவள். அவளுக்கு என்ன?

வீட்டில் பேசி முடிவாகிவிட்டது. ஆவணி பிறந்ததும் போடலாம். விருதுநகரில் பெரியவர்கள் இருக்கிறார்கள், அவர்கள் மனசையும் பார்க்க வேண்டும் இல்லையா? ஒரு மாதத்தில் என்ன குடிமுழுகிப் போய்விடும்?

ஆகஸ்ட் 17, சனி

ஆவணி ஒன்று. விளக்கேற்றி, நல்ல நேரம் பார்த்து, பத்தே முக்காலுக்கு விண்ணப்பத்தை அனுப்பினேன். இவர் பக்கத்தில் நின்று கைதட்டினார். ஜெனிஷா போன மாதம் பதினெட்டாம் தேதியே அனுப்பிவிட்டாள். கால் வீங்கியிருக்கிறது. இட்லிக்கு ஊறப்போட மறந்துவிட்டேன்.

அக்டோபர் 10, வியாழன்

ஜெனிஷாவுக்கு பி.ஆர். வந்துவிட்டது.

வார்டுக்கு கேக் வாங்கி வந்திருந்தாள். மகப்பேறு விடுப்புக்கு முந்தின கடைசி நாளும் அதுவுமாக, ராஜகுமாரி மாதிரி நாற்காலியில் உட்கார்ந்து வெட்டினாள். என்னைக் கட்டிப் பிடித்து, "அடுத்த வாரம் உனக்கு வந்திரும் மக்ளே" என்றாள். இரண்டு வயிறும் முட்டிக்கொண்டன. நானும் சிரித்தேன். வயிறு எரிந்தது. பிள்ளை இருக்கிற வயிறு, எரியக் கூடாது. எரிந்தது.

அக்டோபர் 22, செவ்வாய்

நேற்று மாலை மகிழன் பிறந்தான். சொன்ன தேதிக்கு இரண்டு வாரம் முன்னாலேயே வந்துவிட்டான், அப்படி என்ன அவசரமோ. மூன்று கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு. காது அப்படியே இவர் காது.

மெயில் இன்னும் வரவில்லை.

அக்டோபர் 25, வெள்ளி

ஜெனிஷாவுக்கு நேற்றுப் பெண் குழந்தை. எஸ்லின் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். வீடியோவில் காட்டினாள். என் மகனுக்கு மூன்று நாள் இளையவள், பிறக்கும்போதே பிரஜை. தனியாக ஒன்றும் தெரியவில்லை. அதே சிவப்பு மூஞ்சி, அதே அழுகை.

நவம்பர் 1, வெள்ளி

தீபாவளிக்கு மறுநாள். காலையில் மெயில் வந்தது. எங்கள் இரண்டு பேருக்கும் பி.ஆர். கிடைத்துவிட்டது. இவர் கரண்டியோடு அடுப்படியில் ஆடினார். நான் படுக்கையில் உட்கார்ந்து அழுதேன். ஆனந்தக் கண்ணீர் என்று நினைத்துக்கொண்டு அதையும் போட்டோ எடுத்தார்.

பதினோரு நாள். பதினோரே நாள்! மகிழன் பிறந்த அன்றைக்கு என்னிடம் இது இருந்திருந்தால் அவனும் எஸ்லின் மாதிரி பிறவிப் பிரஜை. இப்போது அவன் இங்கே பிறந்தவன், அவ்வளவுதான். வெளியே துரத்த மாட்டார்கள். ஆனால் ஊருக்குத் தூக்கிக்கொண்டு போனால், திரும்பி வர அவனுக்குத் தனியாக விசா வாங்க வேண்டும். பிரஜையாகப் பதியச் சொல்லித் தனி விண்ணப்பம் போட வேண்டும். மாசக்கணக்கில் ஆகுமாம்.

எல்லாம் இந்த ஆடியால் வந்தது. விருதுநகர் அத்தையும் அவர்களுடைய சாத்திர சம்பிரதாயமும். கண்காணாத தேசத்தில் இருந்தாலும் விடாது போல.

நவம்பர் 16, சனி

மகிழனின் விண்ணப்பத்தை இவர் உட்கார்ந்து போட்டு முடித்தார். தாய் பெயர், தாயின் நிலை, பிள்ளை பிறந்த தேதியில் தாயின் நிலை. அந்த மூன்றாவது கட்டத்தை நான் பார்க்கவில்லை.

சாயங்காலம் அத்தை போன் செய்தார்கள். "இன்னும் ஆறு மாசமா? ஒரு மாசம் முந்திப் போட்டிருந்தா இந்தக் கஷ்டமே இல்லையாமே, வீரகுமார் சொன்னான்" என்று இவரைச் சாட்சிக்கு இழுத்தார்கள். வாயை மூடிக்கொண்டிருக்கலாம் அல்லவா, நான் சும்மா இருக்காமல், "உங்களுக்காகத்தான அத்தே ஆடி முடியட்டும்னு இருந்தோம்" என்றேன்.

"எனக்காகவா? ஏம்மா, நான் அப்பவே சொன்னேனே, ஆபீசுல பேப்பர் குடுக்கிறதுக்கெல்லாம் ஆடி பாக்கிறதில்லன்னு. உங்க மாமா பென்சனுக்கு எழுதிக் குடுத்ததே ஆடியிலதான். நீதான மனசு கேக்கல, மனசு கேக்கலன்னு ஒரேடியா நின்ன."

வயசாகிவிட்டது. ஞாபகம் முன்னே பின்னேதான் இருக்கும். இவர் துணி மடித்துக்கொண்டிருந்தார். ரவா கேசரி கிண்டினேன். அடிப்பிடித்துவிட்டது.

நவம்பர் 28, வியாழன்

எஸ்லினுக்குப் பாஸ்போர்ட் வந்துவிட்டது. வாட்ஸப்பில் போட்டோ. கருநீல அட்டையைப் பிள்ளையின் நெஞ்சில் வைத்து எடுத்திருக்கிறாள். பிள்ளையைவிடப் புஸ்தகம் பெரிதாக இருக்கிறது. எட்டு இதயம் அனுப்பினேன். ஒன்றும் மனசிலிருந்து வரவில்லை.

எஸ்லின் பாட்டிலில் குடிக்க மாட்டாளாம். காம்பை வாயில் வைத்தாலே துப்புகிறாளாம், ஜெனிஷாவால் பத்து நிமிஷம் நகர முடியவில்லையாம். மகிழன் எதில் கொடுத்தாலும் குடிப்பான் என்று சொன்னேன். போனை வைப்பதற்குள் நாலு தடவை சொல்லிவிட்டேன்.

டிசம்பர் 3, செவ்வாய்

என்னுடைய இந்தியப் பாஸ்போர்ட்டைப் புதுப்பிக்க பர்மிங்ஹாம் போனோம். இவர் மகிழனோடு காரிலேயே இருந்துகொண்டார். உள்ளே நல்ல கூட்டம். பக்கத்து ஜன்னலில் ஒரு தெலுங்குக் குடும்பம். அப்பா அம்மா இரண்டு பேரும் நம் பாஸ்போர்ட், பிள்ளைக்கு மட்டும் இந்த ஊர்ப் பாஸ்போர்ட். மறுநாள் கிளம்ப டிக்கெட் வைத்திருக்கிறார்கள். ஜன்னலில் இருந்த பெண், "பிள்ளை வெளிநாட்டுப் பிரஜை. விசா இல்லாமல் இந்தியாவுக்குள் விட மாட்டார்கள், இங்கேயே விமானத்தில் ஏற்ற மாட்டார்கள்" என்றாள். இணையத்தில் போட்டாலும் குறைந்தது நாலு நாள் முன்னால் போட வேண்டுமாம். அந்த அம்மா அங்கேயே அழ ஆரம்பித்துவிட்டாள்.

என் முறை வந்ததும் நானே கேட்டேன். ஆமாம், கைக்குழந்தைக்கும் விசா வேண்டும் என்றாள்.

ஜெனிஷாவிடம் சொல்ல வேண்டும்.

டிசம்பர் 5, வியாழன்

ஜெனிஷா போன் செய்தாள். அவளுடைய அப்பாவுக்கு நுரையீரல் ரொம்ப மோசமாம். ரப்பர் ஆலையில் இருபத்தெட்டு வருஷம் புகையைக் குடித்தவர். பேத்தியைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டால் போதும் என்கிறாராம். ஜனவரி எட்டாம் தேதிக்கு டிக்கெட் போட்டுவிட்டாள். திருவனந்தபுரத்தில் இறங்கி அப்படியே வீட்டுக்கு.

"உனக்கும் மகிழனத் தூக்கிட்டு வர முடிஞ்சா எவ்வளவு நல்லாருக்கும்" என்றாள். பாவம், நல்ல எண்ணத்தில்தான் சொன்னாள். எனக்குச் சுருக்கென்றது. மகிழன் அழுதான், போனை வைத்துவிட்டேன்.

டிசம்பர் 14, சனி

மகிழனுக்கு நேற்று ஊசி போட்டதில் காய்ச்சல். இரண்டு தடவை துணி மெஷின் ஓடியது. வெளியே வெயிலே இல்லை, எல்லாம் ரேடியேட்டர் மேல் காய்கிறது.

ஜெனிஷா விசாரிக்காமலா டிக்கெட் போட்டிருப்பாள்? எல்லாம் தெரிந்தவளாயிற்றே. ஜூலையில் எனக்குப் பாடம் எடுத்தவள் அவள்தானே.

டிசம்பர் 25, புதன்

ஜெனிஷா வீட்டில் சாப்பாடு. முந்திரிக்கொத்து அவளே சுட்டிருந்தாள், ஒன்றுகூட உடையவில்லை. கட்டில் மேல் பெட்டி திறந்து கிடந்தது. அப்பாவுக்குக் கம்பளி பனியன், எஸ்லினுக்கு அங்கே சர்ச்சில் போட வெள்ளைக் கவுன்.

வீடியோவில் அவளுடைய அப்பா வந்தார். மூக்கில் குழாய். "எனக்க பொன்னு, வாறியா? தாத்தாட்ட வாறியா?" என்று கேட்பதற்குள் மூச்சு வாங்கியது. எஸ்லினின் கை திரையில் பட்டது. அவர் கையைக் காட்டினார்.

ஜெனிஷாவின் புருஷன் அஜின் எங்களுக்குத் தட்டு எடுத்துக் கொடுத்துக்கொண்டே, "எல்லாம் ரெடி. இவளுக்கும் பாஸ்போர்ட் வந்தாச்சு, இனி எங்க வேணாலும் பறக்கலாம்" என்றான்.

"ஆமா, அதான் பாஸ்போர்ட் இருக்கே" என்றேன்.

முந்திரிக்கொத்து நன்றாக இருந்தது. வீட்டுக்கும் கட்டிக் கொடுத்தாள்.

ஜனவரி 6, திங்கள்

காலையில் ஜெனிஷாவைக் கூப்பிட்டேன். எடுக்கவில்லை. அவள் திரும்பக் கூப்பிட்டபோது மகிழனைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தேன். அப்புறம் கூப்பிடவில்லை. விசாவுக்கு நாலு நாள் வேண்டும், எப்படியும் இனி நேரமில்லை.

ஜனவரி 8, புதன்

விமான நிலையத்திலிருந்து திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

இரண்டு மணிக்கு அழுதுகொண்டே கூப்பிட்டாள். "எனக்க பிள்ளைக்கு இந்தியாவுக்குப் போக விசா வேணுமாம் வினோ! எனக்க பிள்ளைக்கு! நான் பொறந்த ஊருக்கு! அந்தப் பொண்ணு கம்ப்யூட்டரப் பாத்துட்டு, உங்க ரெண்டு பேருக்கும் சரி, குழந்தைய ஏத்த முடியாதுங்கா." கார் நிறுத்துமிடத்தில் உட்கார்ந்து போனிலேயே விசாவுக்குப் போட்டிருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமைக்கு முன்னால் வர வாய்ப்பில்லை.

எழுதுவதற்குக் கை கூசுகிறது, ஆனாலும் எழுதுகிறேன். சந்தோஷப்பட்டேன். சத்தியமாக, ஒரு அரை நிமிஷம், மனசுக்குள் குளுகுளு என்று இருந்தது. எல்லாம் இருக்கிறது என்று ஆடினாயே, இப்போது என்ன ஆயிற்று என்று. பிறகு அவள், "அப்பாட்ட என்ன சொல்லது?" என்று கேட்டாள். அத்தோடு அது போய்விட்டது.

ஜனவரி 10, வெள்ளி

ஜெனிஷாவின் அப்பா இன்று விடியற்காலை இறந்துவிட்டார்.

பதினொரு மணிக்கு வாசலில் மணி அடித்தது. ஜெனிஷா, கையில் எஸ்லின், தோளில் பை. பின்னால் அஜின் காரை அணைக்காமல் நின்றான். ஜெனிஷாவுக்கு முகம் வீங்கி, ஆளே அடையாளம் தெரியவில்லை. உள்ளே வந்து உட்காரக்கூட இல்லை.

"ஒரு மணி ஃப்ளைட்டுக்கு டிக்கெட் கெடச்சிருக்கு. நாளைக்குச் சாயங்காலம் அடக்கம், எனக்காக வச்சிருக்காங்க. விசா வரல. இவளக் கொண்டுட்டுப் போக முடியாது." எஸ்லினைப் பார்த்துக்கொண்டே பேசினாள். "பாட்டில்ல எடுக்க மாட்டா. நேத்தும் நாலு மணி நேரம் பட்டினி கெடந்தா, அஜினால முடியாது. நீ குடுப்பியாட்டி? நம்ம ரெண்டு பேருக்க ரத்தப் பரிசோதனையும் ஒண்ணாத்தான எடுத்தாங்க. வேற யார்ட்டயும் எனக்குக் கேக்க முடியாது."

"குடு" என்று கையை நீட்டினேன். எஸ்லின் கனமாக இருந்தாள், மகிழனைவிட. என் ரவிக்கை மேல் மூக்கை வைத்துத் தேட ஆரம்பித்துவிட்டாள்.

ஜெனிஷா என் தலையைத் தொட்டுவிட்டு ஓடினாள். அப்போதாவது சொல்லியிருக்கலாம். வாயில் கொழுக்கட்டையா வைத்திருந்தேன்?

ஜனவரி 11, சனி

எஸ்லின் ஐந்து தடவை. மகிழன் ஏழு தடவை. அஜின் காலையும் மாலையும் வந்து பார்த்துவிட்டுப் போகிறான். குக்கர் எத்தனை விசில் என்று மறந்து சாதம் குழைந்துவிட்டது.

ஜனவரி 14, செவ்வாய்

பொங்கல். மின்னடுப்பில் பால் பொங்குவதற்குள் இரண்டும் ஒன்றாக அழுதன. இவர் போய்க் குலவையிடத் தெரியாமல் "பொங்கலோ பொங்கல்" என்று கத்த, இரண்டும் இன்னும் பலமாக அழுதன.

இரண்டு பக்கமும் இரண்டு தலையணை வைத்து, இரண்டையும் ஒன்றாகப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். ஒன்று பிரஜை, ஒன்று இன்னும் இல்லை. குடிக்கிறபோது இரண்டும் ஒரே மாதிரிதான் மூக்கால் மூச்சு விடுகின்றன. எஸ்லின் மட்டும் குடித்துக்கொண்டே என் விரலைப் பிடித்துக்கொள்கிறாள். விட மாட்டேன் என்கிறாள்.

மதியம் இவர் கேட்டார். "டிசம்பர்ல பர்மிங்ஹாம் போனமே, அங்க இந்த விசா விஷயத்த யாரும் சொல்லலையா?"

கூட்டமாக இருந்தது என்றேன். என்னையே பார்த்தார். பிறகு பொங்கல் பானையைக் கழுவப் போனார். அந்த மனுஷன் ஜூலையிலும் இப்படித்தான் பார்த்தார்.

இந்த நோட்டை நான் மட்டும்தான் படிக்கப் போகிறேன். இதிலும் என்ன பொய்? ஆடி போகட்டும் என்று பிடிவாதம் பிடித்தது நான். அத்தை இல்லை. முதல் பிள்ளை கலைந்து போனதே, அந்த வருஷம் நாங்கள் வீடு மாறியது ஆடியில். அந்தப் பயம் எனக்கு. அதை யாரிடமும் சொல்ல வெட்கப்பட்டு அத்தை தலையில் கட்டினேன். விசா விஷயம் மறக்கவும் இல்லை. ஒரு நாள்கூட மறக்கவில்லை. என் பிள்ளையிடம் இல்லாததை வைத்துக்கொண்டு அவள் பறப்பதை என்னால் பார்க்க முடியவில்லை. அவளுக்குத் தெரிந்ததை எனக்கு அன்றைக்கே ஓடி வந்து சொன்னாள். எனக்குத் தெரிந்ததை நான் அவளுக்குச் சொல்லவில்லை. ஒரு மனுஷர் பேத்தியைத் தொடாமல் போய்விட்டார்.

ஜனவரி 17, வெள்ளி

ஜெனிஷா வந்துவிட்டாள். விமான நிலையத்திலிருந்து நேராக இங்கே. கறுப்புச் சேலை, மேலே குளிர் கோட்டு. எஸ்லினை வாங்கிக் கழுத்தில் முகத்தை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள். இவர் மகிழனைத் தூக்கிக்கொண்டு மாடிக்குப் போனார்.

"அப்பாக்க கையில எஸ்லினுக்க சாக்ஸக் குடுத்து அனுப்புனோம்" என்றாள். "பால் வத்திட்டுட்டி. ரெண்டு நாள் அழுததுல ஒண்ணும் இல்ல. சரி, வந்திரும். நீ மட்டும் இல்லாட்டி எனக்க பிள்ள என்ன ஆயிருக்கும்? எனக்கக் கூடப் பொறந்தவகூட இப்படிச் செய்ய மாட்டா."

அதைக் கேட்டுக்கொண்டு நிற்க முடியவில்லை.

"ஜெனி, எனக்குத் தெரியும். டிசம்பர் மூணாந்தேதியே தெரியும். விசா வேணும்னு. பாஸ்போர்ட் ஆபீசுல சொன்னாங்க. நீ டிக்கெட் போட்டேன்னு சொன்னப்ப தெரியும். கிறிஸ்துமஸ் அன்னைக்கும் தெரியும். வேணும்னேதான் சொல்லல."

"என்னத்துக்கு?" என்றாள். கோபமாகக்கூட இல்லை. நிஜமாகவே புரியாமல் கேட்டாள்.

"பொறாமை" என்றேன்.

எஸ்லினின் தொப்பியைச் சரிசெய்தாள். பையை எடுத்தாள். கதவை அவளே திறந்துகொண்டு போனாள். எஸ்லின் தோள் வழியாக என்னைப் பார்த்துக்கொண்டே போனாள்.

ஜனவரி 18, சனி

காலை பத்து மணிக்கு மணி அடித்தது. ஜெனிஷா. எஸ்லினுக்கு அழுது அழுது தொண்டை கட்டியிருந்தது. பாட்டிலும் எடுக்கவில்லை, தாயிடமும் ஒன்றும் இல்லை. ஜெனிஷா என் முகத்தைப் பார்க்காமல் பிள்ளையை நீட்டினாள். நான் வாங்கிக்கொண்டேன். அவள் கோட்டைக் கழற்றாமல் நாற்காலியைத் திருப்பிப் போட்டு, ஜன்னலைப் பார்த்தபடி, முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். எஸ்லின் விரலைப் பிடித்துக்கொண்டு குடித்தாள்.

இருபது நிமிஷம். பிள்ளையை வாங்கித் தோளில் போட்டுத் தட்டினாள். வாசலில் நின்று கதவைப் பார்த்துச் சொன்னாள்: "நாலு மணிக்கு வாறேன். பிள்ளைக்காக வாறேன். உன்ட்ட எனக்கு ஒண்ணும் பேசதுக்கு இல்ல."

ஒரு மணிக்குத் தபால் வந்தது. மகிழனின் கடிதம். இவ்வளவு சீக்கிரம் வரும் என்று நாங்கள் நினைக்கவே இல்லை. பிரஜையாகப் பதிந்துவிட்டார்கள். இவர் சத்தம் போட்டுச் சிரித்து, மகிழனைத் தூக்கிச் சுற்றி, விருதுநகருக்குப் போன் போட்டார். மூன்று மாதமாக இந்தக் காகிதத்துக்குத்தான் எரிந்துகொண்டிருந்தேன். வாங்கிப் படித்தேன், பெயரில் எழுத்துப் பிழை இருக்கிறதா என்று பார்த்தேன், அலமாரியில் வைத்தேன். முதலில் யாரிடம் சொல்ல வேண்டும் என்று எனக்குத் தெரியும். அவள் கேட்க மாட்டாள்.

மணி மூன்றே முக்கால். மகிழனுக்கு வலது பக்கம் மட்டும் கொடுத்துத் தூங்கவைத்துவிட்டேன். இடது பக்கத்தைத் தொடவில்லை. அது எஸ்லினுக்கு.